போடுவதற்கு முன்னே சொல்லு

(திண்டுக்கல்லில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்தாம் வகுப்பில் போய் புவியீர்ப்பு என்றால் என்ன என்று கேளுங்கள். வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிடும்: "பொருள்களைப் பூமி தன்னை நோக்கி இழுக்கும் விசை." நமக்கும் சந்தோஷமாக இருக்கும், பார்வையிட வந்த அதிகாரிக்கும் சந்தோஷமாக இருக்கும். அத்தோடு விடாமல் இன்னொன்று கேளுங்கள். "பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் ஒரே உயரத்திலிருந்து ஒன்றாக விட்டால் எது முதலில் தரையைத் தொடும்?" "பெருசுதான் சார்!" அதே குரல், அதே உறுதி. மனப்பாடம் செய்தது ஒரு பக்கம், மனசார நம்புவது ஒரு பக்கம். இரண்டும் சண்டை சச்சரவு இல்லாமல் ஒரே மண்டைக்குள் குடியிருக்கின்றன.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, செய்து காட்டுங்கள் என்பது. அதை நான் பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் மேசை மீது ஏறி இரண்டு கல்லைப் போடுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பாடம் முடிகிறது. அங்கே என்ன நடந்தது? வித்தை நடந்தது. எது நடந்தாலும் "எனக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட ஒரு பிள்ளைக்கு வழி இருக்கும்வரை அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கீழே போடுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று குழந்தை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் அப்படி என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதி, எத்தனை பேர் எந்தக் கட்சி என்று கோடு போட்ட பிறகுதான் கல் கையை விட்டுப் போக வேண்டும்.

ஒரு நோட்டும் ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். தாள் நோட்டின் அட்டையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். இரண்டையும் தனித்தனியாக விட்டால் நோட்டு பொத்தென்று விழும், தாள் ஆடி அசைந்து வரும். இதில் யாருக்கும் சந்தேகமில்லை, எல்லாரும் சரியாகவே சொல்வார்கள். அடுத்து தாளை நோட்டின் மேல் வைத்து விடப்போகிறேன், என்ன ஆகும் என்று கேளுங்கள். "தாள் மேலேயே நின்னு மெதுவா வரும்" என்று பெரும்பாலான பிள்ளைகள் சொல்லும். விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டிவைத்தது போல ஒன்றாக இறங்கும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. "பார்த்தீர்களா, எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் விழும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் கெட்டது. நல்ல வகுப்பாக இருந்தால் ஒரு பிள்ளை எழுந்து, "நோட்டுதான் சார் தாளை இழுத்துக்கிட்டுப் போவுது" என்று மறுக்கும். அது சாதாரண மறுப்பில்லை. வேகமாகப் போகும் பஸ்ஸுக்குப் பின்னால் சருகு பறந்து போவதை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது. "சரி, நோட்டு இழுக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று பந்தை வகுப்பிடமே திருப்பி விடுங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது தாளைக் கசக்கி உருட்டுவார்கள். கசக்கிய உருண்டையையும் நோட்டையும் தள்ளித் தள்ளிப் பிடித்து விட்டால் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். தாளின் எடை ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை, உருவம்தான் மாறியது. அப்படியானால் முன்னே தாளைத் தாமதப்படுத்தியது எது? "காத்து" என்று பதில் வரும். நீங்கள் சொல்லித் தரவே வேண்டாம்.

"பெருசுதான் முதலில் விழும்" என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தேங்காயும் தென்னம்பாளையும், புளியம்பழமும் புளிய இலையும் விழுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? காற்றுள்ள உலகத்தில் அது பாதிக்குமேல் சரியான பதில். அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் சொன்னார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம் படித்தவர்களில் பெரும்பாலோரும் அப்படியே நம்பினார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மோசமான சகவாசமில்லை.

அடுத்த பரிசோதனையை நம் ஊர்ச் சரக்கை வைத்தே செய்யலாம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு. ஒரு பெரிய பூட்டு, ஒரு சின்னப் பூட்டு. கீழே ஒரு பழைய தகரத்தையோ பலகையையோ போடுங்கள். காலைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், இதைச் சொல்ல மறந்துவிட்டால் அன்றைக்கு வேறு பாடம் நடத்த வேண்டியிருக்கும். குழந்தையின் தலை உயரம் ஒன்றேகால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து ஒரு பொருள் விழ அரை விநாடி ஆகிறது. அந்த அரை விநாடியில் எது முந்தியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தும். அதனால் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லுங்கள். காதால் கேட்கட்டும். சத்தம் ஒன்றா, இரண்டா? நம் காது கண்ணைவிட இந்த வேலையில் கெட்டி. மிகச் சின்ன இடைவெளியைக்கூடப் பிரித்துச் சொல்லிவிடும். கையிலிருந்து ஒரே நேரத்தில் விடப் பழகிவிட்டால் கேட்பது ஒரே "டமார்" தான். பத்துப் பிள்ளைகள் பத்து முறை விடட்டும். சில முறை இரண்டு சத்தம் கேட்கும். ஏன் கேட்டது என்று விசாரியுங்கள். "அவன் இந்தக் கையை முதல்ல விட்டுட்டான் சார்" என்று சாட்சி சொல்ல ஆள் இருக்கும். அளவீட்டில் பிழை என்பது என்ன என்று கல்லூரியில் ஒரு வருஷம் நடத்துகிறோமே, அதன் ஆரம்பம் இந்தச் சாட்சி.

இதோடு நிறுத்தாமல் ஒரே அளவில் இரண்டு சின்னப் பூட்டு எடுங்கள். இரண்டும் ஒன்றாக விழும், யாருக்கும் மறுப்பில்லை. இப்போது ஒன்றை மற்றொன்றில் மாட்டிப் பூட்டிவிடுங்கள். எடை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. இனிமேல் முன்னைவிட வேகமாக விழுமா? பெருசுதான் முதலில் விழும் என்று சத்தியம் செய்த கட்சி இங்கே திணறும். வேகமாக விழும் என்று சொல்ல வாய் வராது. தனியாக விட்டபோதும் பக்கத்தில் பக்கத்தில்தானே வந்தன, பூட்டிவிட்டதால் என்ன வேகம் வந்துவிடும்? 1638இல் வெளிவந்த தன் கடைசிப் பெரிய நூலில் கலிலியோ அரிஸ்டாட்டிலின் கருத்தைக் கவிழ்த்தது ஏறக்குறைய இந்த வாதத்தால்தான். பைசா கோபுரத்தின் உச்சியிலிருந்து அவர் குண்டுகளைப் போட்ட கதை நமக்குத் தெரியும். அதை எழுதி வைத்தவர் அவருடைய சீடர் விவியானி. அப்படி ஒன்று நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். நடக்காவிட்டால் போகட்டும், இரண்டு பூட்டை ஒன்றாகப் பூட்டிய பிள்ளைக்குக் கோபுரம் தேவையில்லை.

ஏன் ஒன்றாக விழுகின்றன? இது உங்களுக்காகச் சொல்வது, பிள்ளைகளுக்கு இந்த வயதில் கட்டாயமில்லை. கனமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது, அது உண்மைதான். ஆனால் கனமான பொருளை நகர்த்துவதும் அதே அளவு கடினம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காலித் தள்ளுவண்டியை ஒரு ஆள் தள்ளுகிற வேகத்தில் மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ள வேண்டுமென்றால் இன்னும் நாலு பேர் வேண்டும். இழுப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தயக்கமும் கூடுகிறது, கணக்கு சரியாகிவிடுகிறது. 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 பயணத்தின் டேவிட் ஸ்காட் சந்திரனில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்டார். காற்றில்லாத இடம், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அந்தப் படம் செல்போனில் கிடைக்கிறது. காட்டுங்கள், ஆனால் கடைசியில் காட்டுங்கள். முதலிலேயே காட்டிவிட்டால் பிள்ளைகள் படம்தான் பார்க்கும், யோசிக்காது.

விழும்போது வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பதையும் காதுக்கே கொண்டுவரலாம். சைக்கிள் கடையில் பழைய நட்டுகள் கேட்டு வாங்குங்கள். ஒரு நூலில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நான்கு நட்டுகள் கட்டி, முதல் நட்டு சத்துணவுத் தட்டின் மேல் தொட்டபடி இருக்க, பெஞ்சு மேல் நின்று நூலை விடுங்கள். மீதி மூன்று சத்தமும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு நெருங்கி வரும். இன்னொரு நூலில் தட்டிலிருந்து 20, 80, 180 சென்டிமீட்டர் உயரங்களில் கட்டுங்கள். இப்போது டக், டக், டக் என்று ஒரே சீராகக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 20, 80, 180 என்பதை 1, 4, 9 என்று சுருக்கினால் வாய்ப்பாடு படித்த பிள்ளை எதையோ கண்டுபிடிக்கும். அது ஐந்தாம் வகுப்புக்கு மேல்தான், கட்டாயப்படுத்த வேண்டாம். சத்தத்தைக் கேட்டாலே போதும்.

கையால் செய்து படிப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இங்கிருந்து மதுரைச் சாலையில் சின்னாளபட்டிப் பக்கம் போனால் காந்திகிராமம். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கியது. அங்கே நடந்த ஆதாரக் கல்வி 1937 வார்தா மாநாட்டிலிருந்து பிறந்தது. அதன் அடிப்படை, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் வர வேண்டும் என்பது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் தக்ளி இருந்தது. தக்ளியைத் தொங்கவிட்டு நூற்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதன் எடை பஞ்சைக் கீழே இழுத்து நூலாக நீட்டுகிறது, சுழற்சி முறுக்கேற்றுகிறது. தக்ளி கனத்தால் நூல் அறும், லேசாக இருந்தால் நூல் தடிக்கும். ஈர்ப்புப் பாடம் அந்தப் பிள்ளையின் விரல் நுனியில் தொங்கியிருக்கிறது. ஆனால் "இந்தத் தக்ளியோடு ஒரு காசைக் கட்டித் தொங்கவிட்டால் நூல் என்ன ஆகும், சொல்லு" என்று யாராவது கேட்டால்தான் அது பாடம். கேட்காவிட்டால் நூல் நூற்ற கணக்கு மட்டும் மிஞ்சும்.

செயல்வழிக் கற்றலைப் பற்றியும் எனக்கு இதே மனத்தாங்கல் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தது. இங்கே பலர் அதை நடத்தியவர்கள். பாய், தாழ்வான கரும்பலகை, ஏணிப்படி, அட்டைகள். பிள்ளையோடு ஆசிரியரையும் தரையில் உட்கார வைத்தது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் "இந்த அட்டை முடிந்ததா, அடுத்ததை எடு" என்று ஓடிய இடங்களில் அட்டை நகர்ந்தது, யோசனை நகரவில்லை. குற்றம் முறையின் மேல் இல்லை. ஏணியில் எத்தனை படி ஏறினான் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, ஏறும்போது என்ன நினைத்தான் என்று கேட்க நேரமில்லாமல் போனது.

இனி இந்தப் பாடத்திலேயே கடினமான பகுதிக்கு வருகிறேன். "கீழே" என்றால் எந்தப் பக்கம்?

பூமி உருண்டை என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும். உருண்டையின் அடிப்பக்கத்தில் ஒரு ஆளை வரைந்து, அவன் கையிலிருக்கும் கல்லை விட்டால் எங்கே போகும் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அம்புக்குறி நேராகத் தாளின் அடி ஓரத்துக்குப் போகும். கல் விண்வெளியில் விழுந்துகொண்டே இருக்கும்! இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சங்கடமில்லை. அமெரிக்காவில் வாஸ்னியாடு, புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 60 பேரிடம் விசாரித்து 1992இல் வெளியிட்டார்கள். உருண்டை என்று வாயால் சொன்ன பிள்ளைகள் பலர் மனசுக்குள் தட்டையான பூமியையோ, உள்ளே நாம் குடியிருக்கும் வெற்றுப் பந்தையோ வைத்திருந்தார்கள். அதே குழுவினர் பின்னர் ஐதராபாத் குழந்தைகளிடமும் கேட்டார்கள். பூமி தண்ணீரில் மிதக்கிறது என்று சொன்னவர்கள் அங்கே இருந்தார்கள். பாட்டி சொன்ன கதையும் பாடப்புத்தகமும் பிள்ளையின் மண்டையில் சமாதானமாகக் கலந்துவிட்டன.

இதைச் சரிசெய்ய நான் நம்புவது கொத்தனாரின் தூக்குக்குண்டை. தெருவுக்குத் தெரு வீடு கட்டுகிறார்கள், ஒரு நாள் கேட்டால் கொடுப்பார்கள். நூலில் தொங்கும் குண்டு காட்டுகிற பக்கம்தான் கீழே. பள்ளிக்கூடச் சுவர் அந்த நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்க்கட்டும். அப்புறம் களிமண்ணில் ஒரு பெரிய உருண்டை செய்து, சுற்றிலும் தீக்குச்சி மனிதர்களைக் குத்துங்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு தூக்குக்குண்டு இருந்தால் அது எந்தப் பக்கம் தொங்கும் என்று கேளுங்கள். பிள்ளை குழம்பும்போது உருண்டையைத் திருப்பி, அடியில் இருந்தவனை மேலே கொண்டுவந்து அதே கேள்வியைக் கேளுங்கள். "இப்ப உருண்டையோட நடுவைப் பார்த்துத் தொங்கும்." முன்னே? கொஞ்ச நேரம் அமைதி. அந்த அமைதியில் நீங்கள் பேசாமல் இருப்பதுதான் பாடம் நடத்துவது. 499இல் ஆரியபட்டர் கடம்பப் பூவைச் சொன்னார். பூவின் உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சின்னச் சின்னப் பூக்கள் நிற்பது போலப் பூமியைச் சுற்றி உயிர்கள் நிற்கின்றன என்றார். கடம்பம் கிடைத்தால் வகுப்புக்கு ஒரு பூ கொண்டுவாருங்கள்.

நம் ஊருக்கு நேர் எதிர்ப்பக்கம் எது என்று உலக உருண்டையில் தேடச் சொல்லுங்கள். திண்டுக்கல்லிலிருந்து பூமியின் மையம் வழியாக ஊசி குத்தினால் மறுபக்கம் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் வெளிவரும். அங்கே கடல் தண்ணீர் கொட்டிவிடாமல் இருக்கிறது. ஏன் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போடட்டும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு கேள்வியும் உண்டு. கமலை இறைத்த கிணறு நம் பக்கத்துக் காடுகளில் இன்னும் தூர்ந்துபோகாமல் கிடக்கிறது. மாடுகள் நடந்த வாரி கிணற்றிலிருந்து விலக விலகச் சரிந்து இறங்கும். ஏன் சரிவாக வெட்டினார்கள்? தாத்தாவிடம் கேட்டு வரட்டும். நிறைந்த சாலைத் தூக்கும்போது மாட்டின் எடையும் உதவிக்கு வருகிறது என்பதை இயற்பியல் படிக்காத மனிதர் அழகாகச் சொல்லுவார்.

இன்னும் ஒன்று செய்துவிட்டு முடிக்கிறேன். பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போடுங்கள். சூடான ஆணியை நீங்களே பிடியுங்கள், பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தால் ஓட்டையில் பீய்ச்சும். அப்படியே பாட்டிலை விட்டுவிட்டால், விழுகிற நேரத்தில் தண்ணீர் என்ன செய்யும்? "வேகமா பீய்ச்சும்", "மேல் பக்கமா வரும்" என்று கட்சி கட்டுவார்கள். நின்றுவிடும் என்று சொல்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். நின்றுதான் விடுகிறது. பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழும்போது தண்ணீருக்கு அழுத்த ஆளில்லை. வேப்பங்கன்றுக்கு மேல் வைத்துச் செய்யுங்கள், தண்ணீர் கஷ்டமான ஊரில் ஒரு சொட்டும் வீணாக வேண்டாம். விண்வெளி வீரர்கள் மிதப்பதும் இதே சங்கதிதான். அங்கே ஈர்ப்பே கிடையாது என்று பெரியவர்களே சொல்கிறார்கள். விண்வெளி நிலையம் பறக்கும் உயரம் சுமார் 400 கிலோமீட்டர், இங்கிருந்து சென்னைக்குப் போகிற தூரம். அங்கே ஈர்ப்பு இங்கே உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அவர்கள் நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுகிறார்கள். அதை நினைத்தால் கொடைக்கானல் எம்மாத்திரம்? 50 கிலோ ஆள் அங்கே போனால் வில் தராசில் இருபது முப்பது கிராம்தான் குறையும். இரண்டு தட்டுத் தராசில் அதுவும் தெரியாது, படிக்கல்லும் சேர்ந்து குறைகிறதே!

இதற்கெல்லாம் செலவு என்ன? பூட்டு, நட்டு, நூல், பாட்டில், களிமண், பழைய தாள். ஆய்வுக்கூடம் வேண்டாம். காசைவிட அனுமதிதான் பெரிய தடை. தலைமையாசிரியர்களே, வகுப்பில் சத்தம் கேட்டால் உடனே பிரம்பைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். என்ன சண்டை என்று கேட்டுவிட்டு வாருங்கள். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கருவிகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். நான்காம், ஐந்தாம் வகுப்பையும் அதில் சேர்க்கச் சொல்லி ஆசிரியர் அமைப்புகள் கேட்க வேண்டும். கூடவே வினாத்தாளும் மாற வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் திட்டத்தில் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள், பரிசோதனையையும் தேர்விலேயே செய்தார்கள். 2002இல் அந்த அரசு திட்டத்தை மூடிவிட்டது. மூடிய காரணம் எதுவானாலும், முப்பது வருஷம் அரசுப் பள்ளிகளில் அப்படி நடத்த முடிந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் ஊகங்களை எழுத ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கேள்வி, யார் என்ன சொன்னார்கள், ஏன் அப்படிச் சொன்னார்கள். அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவாருங்கள். சரியாகச் சொன்னவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தப்பாகச் சொன்னவர்களையும், அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் முதலில் வாசிப்போம்.